மேளம் அடங்கிய மாதம்

மே 5, செவ்வாய்

இன்றைக்கு ஒரு பெரிய மனிதர் பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் ரெக்கார்டிங் ஸ்டுடியோ மாடிப்படி ஏறி வந்தார். அக்வேத்தே! இங்கே அக்ராவில் மட்டுமில்லை, பமாக்கோவில் போய்க் கேளுங்கள், ஹாம்பர்க்கில் போய்க் கேளுங்கள், ரெக்கே இசை கேட்கிற எவனும் அந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு வரி பாடிக் காட்டுவான். நேரில் பார்த்தால் என்னைவிடக் குள்ளம். இடுப்பு வரை சடைமுடி, பாதி நரை. கூடவே மகள் டெடே. ஒசு பகுதியில் முடி பின்னுகிற கடை வைத்திருக்கிறாள்.

தொண்டையில் புற்று. ஜூன் 9 அன்று குரல்வளையை மொத்தமாக எடுக்கப் போகிறார்கள். அதன் பிறகு பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. டெடேதான் சொன்னாள். அவர் என்னவோ அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்த வியாதி மாதிரி என் சுவரில் இருந்த தூத்துக்குடி மாதாகோயில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவுக்குள் ஒரு ரீல் டேப். அதில் அவருடைய இரட்டை அண்ணன் ஓக்கோ பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. வெளியே வராத பாட்டு. பாதி அண்ணன் பாடிவிட்டார், மீதிப் பாதி இவர் பாட வேண்டியது. முப்பத்தெட்டு வருடமாகப் பாடவில்லை. பாடிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாராம்.

“திங்கட்கிழமைக்குள்ள முடியணும் சிஸ்டர்.”

காரணம் எனக்கும் தெரியும். திங்கள் முதல் மேளத் தடை. கா சனங்கள், இந்தக் கடற்கரையின் ஆதிக்குடிகள், திருவிழாவுக்கு முன் சோளம் விதைத்துவிட்டு ஒரு மாதம் ஊரை அமைதியாக வைத்திருப்பார்கள். மேளம் கூடாது, ஸ்பீக்கர் கூடாது, சர்ச்சில்கூட அடக்கித்தான் வாசிக்க வேண்டும். சாமிகளுக்குச் சத்தம் ஆகாது.

“ஞாயித்துக்கிழமையே முடிச்சிரலாம் ஆட்டா,” என்றேன். பெரியவர்களை இங்கே ஆட்டா என்பார்கள்.

டேப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அப்படியே ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். இளஞ்சூட்டில் காய வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

மே 6, புதன்

மாம்பழம் உலர்த்தி விற்கிற ஒரு அம்மாவிடம் அவருடைய உலர்த்துகிற பெட்டியை வாடகைக்கு வாங்கி வந்தேன். கருவாடு காயப்போட்ட பரம்பரை, டேப் காயப்போட முடியாதா! மிதமான சூட்டில் வைத்து மூடிவிட்டேன். ஸ்டுடியோ முழுக்க மாம்பழ வாசம்.

போன் மறுபடியும் மெமரி நிறைந்துவிட்டது என்று கத்துகிறது. என் வீட்டுக்காரர் பெனடிக்ட் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றார். இது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மே 9, சனி

டேப் காய்ந்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஓரத்தைத் தொட்டால் விரலில் ஒட்டவில்லை. டெடே, “ஆன்ட்டி, இன்னிக்கே ஓட்டிரலாமா?” என்று கெஞ்சினாள். இன்னும் ஒரு நாள் காயட்டும் என்றேன். இந்த மாதிரி டேப்புக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அவசரப்படுகிற வேலையா இது?

மே 10, ஞாயிறு

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போன மாதமே படுத்துவிட்டது. அக்வேத்தே வந்து வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். தொண்டைக்கு இதமாக இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. பாடுவதற்காக உடுத்தி வந்திருக்கிறார்.

கரண்ட் வரவில்லை.

மே 11, திங்கள்

காலை எழுந்தால் விளக்கு எரிகிறது. சனியன் பிடித்த கரண்ட்.

மதியம் தடை ஆரம்பமாகிவிட்டது.

மே 13, புதன்

ஹெட்போனில்தான் கேட்டோம், நானும் அவரும். டேப் அருமையாக ஓடியது, ஒரு துளி உரியவில்லை. கூடுதலாக ஒரு நாள் காய வைத்ததற்குப் பலன்.

டிரம்ஸ், பேஸ், ஒரு கிடார். பேஸ் வாசிப்பது இவர்தான். அப்புறம் ஓக்கோவின் குரல். மெல்லிசான, உப்புக்காற்றில் அலைந்த குரல். அதற்கு ஒரு நொடி முன்னால், அதே வரி, அதே குரல், கிசுகிசுப்பாக.

பேய் இல்லை. டேப்பைச் சுற்றி வைக்கும்போது ஒரு சுற்றில் இருக்கிற சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால், ஆள் பாடுவதற்கு முன்பே அவன் நிழல் பாடும். பழைய டேப்பில் எல்லாம் இருப்பதுதான். ஆனாலும் எனக்குக் கை சிலிர்த்துவிட்டது.

கரைவலை இழுக்கிற பாட்டு. வலையின் ஒரு கயிறு அண்ணன் கையில், மறு கயிறு தம்பி கையில். அண்ணன் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேட்கிறான்: “பிடிச்சியா?” அதற்குப் பதில் தம்பி பாட வேண்டிய இடம் காலியாக ஓடுகிறது. மறுபடி, “பிடிச்சியா?” மறுபடி காலி. கடைசியில் கதவு தட்டும் சத்தம். அதற்கும் முன்னால் அதன் நிழல் தட்டுகிறது. அத்தோடு டேப் முடிகிறது.

“தட்டுனது யாரு?”

“ஊர்ப் பெரியவங்க,” என்றார். ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார். “நான் பாட மாட்டேன் சிஸ்டர். தடை முடியட்டும்.”

“தடை முடியறது பதினொண்ணாம் தேதி. ஒம்பதாந் தேதி உங்களுக்கு ஆபரேஷன்!”

“தெரியும்.”

மே 14, வியாழன்

கோபத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூடிய அறை, ஹெட்போன், ஒற்றைக் குரல். ஈ எறும்புக்குக்கூடக் கேட்காது. ஊர்க்காரர்களே இதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். நேரிலேயே கேட்டுவிட்டேன். “கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி ஆட்டா?” அவர் சிரித்தார். மீசையைத் தடவிக்காட்டினார்.

டெடே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த டேப் பதிந்த வருடம் ஐரோப்பாவிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரன் வந்திருக்கிறான். அவன் வந்தது தடை மாதத்தில். அண்ணனும் தம்பியும் கடலோரம் ஒரு வீட்டில் மேளத்தோடு பாட்டைப் பதிந்திருக்கிறார்கள். நல்ல மைக் ஒன்றுதான் இருந்தது, அதனால் முதலில் அண்ணன் பாடினார். தம்பி பாடுவதற்குள் பெரியவர்கள் வந்து கதவைத் தட்டி டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சில நாளில் ஓக்கோ, தன் மாமாவின் வள்ளத்தில் கடலுக்குப் போனார். வள்ளம் திரும்பி வந்தது.

உடம்பு கிடைக்கவில்லை.

“தண்டனை ரெண்டு பேருக்கும் எழுதுனது, அவன் ஒருத்தனே கட்டிட்டுப் போயிட்டான்னு அப்பா சொல்வார் ஆன்ட்டி. அன்னையிலேருந்து இந்த மாசம் வாயைத் திறந்து முணுமுணுத்ததுகூட இல்ல. லண்டன்ல கச்சேரி, பெரிய பணம். இந்த மாசம்ங்கறதால போகல.”

எல்லாம் கரண்ட்காரனைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ஒழுங்காகக் கரண்ட் விட்டிருந்தால்.

வீட்டில் இதையே புலம்பினேன். பெனடிக்ட் டெமா துறைமுகத்தில் குளிர்பதனக் கிட்டங்கி பார்க்கிறவர். நாள் முழுக்க உறைந்த மீனோடு இருப்பதாலோ என்னவோ எதற்கும் சூடாக மாட்டார். “ஏட்டி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சனிக்கிழமையே டேப் காஞ்சிட்டுன்னு நீதான சொன்ன?” என்றார்.

அவருக்கு இன்றைக்குக் குழம்பில் உப்பு போடவில்லை. மறந்துவிட்டது.

மே 20, புதன்

தினமும் வருகிறார். ஹெட்போனில் பாட்டைக் கேட்கிறார், போகிறார். இடையிடையே தன் கதையைச் சொல்கிறார், நான் கேட்காமலேயே. கைத்தாளம்கூடப் போடாமல்.

சின்ன வயதில் இருவரும் வலை இழுக்கிறவர்களுக்கு எதிர்ப்பாட்டு பாடி மீன் கூலி வாங்கியிருக்கிறார்கள். பிறகு ஹோட்டல் பேண்டு. ஊரடங்குச் சட்டம் வந்து ராத்திரிக் கச்சேரிகள் செத்த காலத்தில் லாரி ஏறிப் பக்கத்து நாட்டு அபிஜான். அங்கே ஒரு கராஜில் பதிந்த முதல் ரெக்கார்டு எல்லைகளைத் தாண்டிப் போயிருக்கிறது. “எங்க பாட்டுக்கு விசா கேக்கல. எங்களுக்குத்தான் கேட்டாங்க.”

அண்ணன் போன பிறகு தனியாகவே மேடை ஏறினார். ஆனால் ஓக்கோ பாடுகிற வரிகளை யாருக்கும் தரவில்லை. பெரிய பெரிய பாடகர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அந்த வரி வந்ததும் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்து நிற்பார். முதல் வருடம் சனங்களுக்குப் புரியவில்லை. ஒருநாள் பமாக்கோவில் மைதானம் முழுக்க அந்த வரியைப் பாடியதாம்.

“எப்படி இருந்துச்சு?”

“பயமா இருந்துச்சு. அத்தனை பேர் பாடுறாங்க, அவன் மட்டும் இல்ல.”

போகும்போது சுவரிலிருந்த படத்தைக் காட்டி, “உங்க ஊரும் கடலோர ஊரு. உங்க வீட்டுலயும் கடலோட போனவங்க உண்டா?” என்றார்.

உண்டு என்றேன். ரசீது புத்தகத்தை எடுத்து எதையோ எழுதினேன்.

மே 23, சனி

ஒரு நல்லது செய்யலாம் என்று அந்த நிழல் குரலைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தேன். இரண்டு நாள் வேலை. கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது பாட்டு. பெருமையோடு போட்டுக் காட்டினேன்.

முதல் வரியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“அவன் எங்க?”

“பாடுறாரே ஆட்டா.”

“முன்னாடி வருவானே, அவன் எங்க? ஓக்கோ மூத்தவன். எப்பவும் முன்னாடி அவன்தான் வருவான்.”

நல்லவேளை, மூலப்பிரதியை நான் எப்போதும் அழிப்பதில்லை. எதையும் அழிப்பதில்லை. மறுபடி போட்டேன். நிழல் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், வந்துவிட்டாயா என்பது போல.

மே 29, வெள்ளி

ஊர் அமைதியாக இருப்பது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற மாதங்களில் கீழே காசெட் கடை, எதிரே சர்ச், பக்கத்தில் மதுக்கடை, மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும். இப்போது கடல் இரைவது மாடி வரை கேட்கிறது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே எனக்கு விசில் கேட்கிறது. இன்றைக்குக் கதவு தட்டியது என்று போய்த் திறந்தேன், ஆளில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் நிஜமாகவே தட்டினார்கள். தண்ணீர் கேன்காரன்.

தூக்கம் சரியில்லை. அதுதான்.

ஜூன் 2, செவ்வாய்

அம்மா ஊரிலிருந்து போன் பண்ணினாள். தம்பி ரெக்ஸனுக்கு வருடப் பூசை சொல்லியிருக்கிறாளாம். அஞ்சு வருசம் ஓடிப் போச்சு மக்கா என்று அழுதாள். பணம் அனுப்புகிறேன் என்றேன். “பணம் எதுக்குட்டி? தம்பிக்காக நீ ஒரு நாளாவது வாய்விட்டு அழுதியா?” என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மைக் ஒயர்கள் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்துச் சுற்றி வைத்தேன். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை.

ஜூன் 5, வெள்ளி

டெடே ஆஸ்பத்திரியில் தேதியைத் தள்ளக் கேட்டிருக்கிறாள். இதை விட்டால் ஜூலைக் கடைசிதான், அதுவரை கட்டி காத்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஆன்ட்டி, அவர் குரலே இல்லாம நான் எப்படி அந்த வீட்டுல இருப்பேன்? அவருக்குத் தெரியாம மைக்கை ஆன் பண்ணி வைங்க. ஒரு தடவை முணுமுணுத்தாலும் போதும்.”

தப்புதான். ஆனாலும் பண்ணினேன். அவர் ஒரு மணி நேரம் இருந்தார். இரண்டு முறை இருமினார். போகும்போது மைக்கைத் தட்டிக்கொடுத்து, “பாவம், பசியோட இருக்கு,” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் அவரிடம் சொன்னேன், சனிக்கிழமையே டேப் காய்ந்திருந்தது என்று. அன்றே ஓட்டியிருக்கலாம், நான்தான் பயந்தேன், என்னால்தான் இப்படி ஆயிற்று என்று. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க பயந்தது டேப் போயிருமோன்னுதான? நானும் முப்பத்தெட்டு வருசமா அதே பயத்துலதான் டப்பாவைத் திறக்கல,” என்றார்.

ஜூன் 8, திங்கள்

காலையில் அக்வேத்தே வந்தார். அதே வெள்ளைச் சட்டை.

“மைக் போடுங்க சிஸ்டர். பதிவு பண்ணணும்.”

கடைசியில் மனசு மாறிவிட்டார்! டெடே வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். என்னிடம் இருப்பதிலேயே நல்ல மைக்கை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். டேப்பை ஓட விட்டேன்.

நிழல் வந்தது. ஓக்கோ வந்தார். முதல் “பிடிச்சியா?” வந்தது. அவர் வாயைத் திறந்தார்.

சத்தம் இல்லை.

ஒயர் பிடுங்கிக்கொண்டதோ என்று பதறிப்போய்ப் பொத்தான்களைத் தட்டினேன். மைக் சரியாக இருந்தது. ஒலி அளவை ஏற்றினேன். அப்போதுதான் கேட்டது. மூச்சு. பாடுகிறவன் வரி தொடங்கும்முன் இழுக்கிற மூச்சு. பிறகு அந்த வரி முழுக்க அது மெல்ல மெல்ல வெளியே போகிறது. எந்த இடத்தில் சுரம் நீள வேண்டுமோ அங்கே நீள்கிறது, எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டுகிறது. அடுத்த வரிக்கு மறுபடி இழுப்பு. முழுப் பாட்டையும் பாடினார், குரலை மட்டும் விட்டுவிட்டு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கடைசியில் கதவு தட்டுவதற்கு முன்னால், அதன் நிழலுக்கும் முன்னால், உடம்பு ஒருதரம் திடுக்கிட்டு அடங்கியது.

வெளியே வந்து தண்ணீர் குடித்தார். டெடே ஆத்திரத்தில் கத்தியேவிட்டாள். “இன்னிக்காவது பாடக் கூடாதாப்பா?”

“பாடினேனே. அவங்க சத்தம் போடாதேன்னுதான் சொன்னாங்க. மூச்சு விடாதேன்னு சொல்லல.”

பிறகு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் பெயரைச் சொன்னார். டெடே, டெடே என்று பத்துப் பதினைந்து தடவை, காதோடு காதாக. நான் பதிவை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஜூன் 9, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லை.

ஜூன் 11, வியாழன்

இன்றைக்குத் தடை நீங்கிவிட்டது. கோத்திரத்துப் பெரியவர்கள் மேளத்தைத் தட்டித் திறந்து வைத்தார்கள். அவ்வளவுதான், ஊரே வெடித்துவிட்டது! காசெட் கடை, சர்ச், மதுக்கடை, லாரி ஹாரன். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தெருவில் ஆணும் பெண்ணும் ஆடிக்கொண்டு போகிறார்கள். பாவி மனுசா, இரண்டே நாள்! இரண்டு நாள் தள்ளியிருந்தால் இந்தச் சத்தத்துக்கு நடுவே நீயும் கத்திப் பாடியிருக்கலாமே!

ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்த்தேன். நிழல், ஓக்கோ, மூச்சு. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். எதையும் துடைக்கவில்லை.

ஜூன் 27, சனி

வந்தார். மெலிந்துவிட்டார். சடைமுடியைப் பின்னால் கட்டியிருந்தார். கழுத்தில் துளை, மேலே ஒரு வெள்ளைத் துணி. இனி மூச்சு அதன் வழியாகத்தான்.

ஹெட்போனை வேண்டாமென்று கையசைத்து, பெரிய ஸ்பீக்கரைக் காட்டினார். இனி யாருக்கும் பயப்பட வேண்டாமே. சத்தமாகவே போட்டேன். டிரம்ஸ் தரையை உதைத்தது. நிழல் வந்தது, ஓக்கோ வந்தார். “பிடிச்சியா?” ஸ்பீக்கரிலிருந்து மூச்சு வந்தது. அதே நொடியில் பக்கத்திலிருந்தும் வந்தது. கழுத்துத் துணி உள்வாங்கி மெல்ல வெளியே தள்ளியது. வரிக்கு வரி அப்படித்தான். எது பதிவு, எது அவர் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி “பிடிச்சியா?” வந்தபோது இரண்டு கையையும் நீட்டி, இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தார். கரைவலை இழுக்கிற ஊரில் பிறந்தவள் நான். சும்மா நிற்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் போய் நானும் பிடித்தேன். டெடேயும் வந்து பிடித்தாள். கதவு தட்டியது. நாங்கள் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். ரெக்ஸன் கடைசியாக அனுப்பிய குரல் செய்தி, அஞ்சு வருடமாக நான் திறக்காதது. அது வந்தபோது ஒரு பதிவில் இருந்தேன், போன் அணைந்திருந்தது. மறுநாள் அவன் கடலோடு போன செய்தி வேறு வழியில் வந்துவிட்டது.

அமுக்கினேன். முதலில் காற்று. போட் என்ஜின். அப்புறம் பேசுவதற்கு முன் அவன் இழுக்கிற மூச்சு.

“யக்கா, நீ அனுப்புன பாட்டு இன்னும் எறங்கலக்கா. டவரு விட்டு விட்டு வருது. கரைக்கு வந்து கேக்கேன், என்ன? நான் பேசுதது கேக்குதா? யக்கா, கேக்குதா?”

“கேக்குதுல,” என்றேன். “கேக்குது மக்கா.” அதற்குப் பிறகு நான் அழுதது எனக்கே யாரோ அழுவது போலக் கேட்டது.

சமையலறையில் பெனடிக்ட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “ஏட்டி, யாருட்ட பேசுத?” என்று கேட்டார்.

“ரெக்ஸன்ட்ட,” என்றேன்.

குழாயை மூடிவிட்டு அவர் அப்படியே நின்றார்.